மூன்று மொழிகளில் முதல் பாடம்

எங்கள் குடும்பங்களில் நாலு பேரைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டோம். பெண் பார்க்க, பல் பிடுங்க, குக்கர் வாங்க, எல்லாவற்றுக்கும் புனேயில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கெல்லாம் போன் போகும். அதில் தப்பில்லை. ஆனால் கேட்டுவிட்டால், சொன்னவர் மனசு கோணாமல் அவர் சொன்னதைக் கொஞ்சமாவது செய்து காட்டவேண்டும். இல்லாவிட்டால், "அப்ப எதுக்கு எங்கிட்ட கேட்டாளாம்?" என்று அடுத்த கல்யாணத்தில் பிரியாணிச் சட்டியோடு பேச்சும் சேர்ந்து வரும். இந்தப் பழக்கத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் நான் கம்ப்யூட்டர் மொழி படிக்கப் போனேன்.

ஆசைப்பட்டுப் போகவில்லை. ஏரவாடாவில் இவர் வைத்திருந்த பிளாஸ்டிக் சாமான் கடை, ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. வீட்டில் மிச்சம் என் வேலை ஒன்றுதான். கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறை. பேரிங், போல்ட், வாஷர் என்று அங்கே வருவதையும் போவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். மராட்டிக்காரர். எல்லாப் பெண்களையும் 'தாயி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"தாயி, இனிமே ஸ்கேன் பண்ணினாலே கணக்கு தானா ஏறிடும். டைப் அடிக்க ஆள் வேண்டாம். எந்தச் சாமான் தீரப்போகுதுன்னு புரோகிராம் எழுதி எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் வேணும். கத்துக்கிட்டா நீங்களே இருங்க. தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன்."

அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே வேலையை விட்டும் அனுப்பக்கூடிய மனுஷர் அவர்.

பன்னிரண்டாவதோடு நின்றவள் நான். எந்த மொழியில் ஆரம்பிப்பது? வழக்கம்போல் போன் போட்டேன். இவருடைய சிநேகிதர் ஒருவர் காலேஜில் பாடம் எடுக்கிறவர். "சி படிங்கம்மா. அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டுவீங்களா?" என்றார். எங்கள் கடையில் பக்கெட் வாங்கிக்கொண்டிருந்த கோயமுத்தூர் அக்கா கராடியில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். "ஜாவா படிச்சுப் போடுங்க கண்ணு, ஆயுசுக்கும் சோறு போடும்ங்க" என்றார். சாச்சி மகன், எனக்குத் தம்பி முறை, சிரித்தான். "லாத்தா, அவங்க பேச்சைக் கேட்டா உனக்கு நரைச்சுடும். பைத்தான் எடு, ரெண்டே வரி."

மூன்று பேரும் நல்லவர்கள். யாரைத் தள்ளுவது? காலையில் சி, பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டு ஜாவா, சாயங்காலம் பைத்தான் என்று ஆரம்பித்தேன். திரையில் வணக்கம் சொல்ல வைப்பதுதான் மூன்றிலும் முதல் பாடம். வந்ததும் படம் பிடித்து, சொன்னவருக்கு அனுப்பிவிடுவேன். மூன்று பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். இரண்டாவது பாடத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பியது. ஜாவாவில் அரைப்புள்ளியை மறந்தேன். பைத்தானில் வேண்டாத அடைப்புக்குறியை வைத்தேன். மறுபடி முதல் பாடத்துக்கே போவேன்.

"மூணு வீட்டு விருந்துக்குப் போயிட்டு மூணு வீட்லயும் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வர்றே" என்றார் இவர். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கும் அவருக்கு எங்கேயும் வேலை கிடைத்திருக்கவில்லை.

கடைகளில் தீபாவளிக் கூண்டு விளக்குகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

அன்றைக்கு முதலாளியிடமே கேட்டேன், உங்களுக்கு எந்த மொழியில் வேண்டும் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அடுப்புல சுடுங்க, கேஸ்ல சுடுங்க, எனக்கென்ன தாயி? எனக்கு பாக்ரி ரொட்டி வேணும். திங்கட்கிழமை தட்டுல இருக்கணும்."

வெளியே வந்து காலேஜ்காரருக்குப் போன் போட்டேன். "கோவிச்சுக்காதீங்க சார், சியை விட்டுடறேன்."

"எந்த சி?"

"நீங்க படிக்கச் சொன்னீங்களே சார்."

"நானா? அட, அன்னிக்கு ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பேன். அதையா இவ்வளவு நாள் பிடிச்சிட்டிருக்கீங்க?"

போனை வைத்துவிட்டு பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒருத்தர் சொல்லி மறந்துபோன பேச்சுக்கு மரியாதை காட்டியே என் நாளெல்லாம் போயிருந்தது. கோபப்படக்கூட நேரமில்லை.

பைத்தானை எடுத்துக்கொண்டேன். அது உசத்தி என்பதற்காக அல்ல. மூன்றும் என்னைத் திட்டின. பைத்தான் திட்டியதுதான் எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது. எந்த வரியில் சறுக்கினேன் என்று காட்டிவிட்டுத் திட்டும்.

சனிக்கிழமை என் புரோகிராமிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. துள்ளிக் குதித்தேன். அப்புறம் பார்த்தால், தீரப்போகிற சாமான்களில் வாஷரும் இருந்தது! இருபதுக்குக் கீழே போனால் காட்டு என்று எழுதியிருந்தேன். வாஷரோ நூறு இருக்கிறது. ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கு நின்றேன். சோறும் இவர்தான் வடித்தார். பைத்தான் இந்தத் தடவை திட்டவும் இல்லை. சத்தமில்லாமல் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில்தான் தெரிந்தது, அது நூறை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து, நூறின் முதல் எழுத்து ஒன்று, இருபதின் முதல் எழுத்து இரண்டு, ஒன்று இரண்டைவிடச் சின்னது என்று முடிவு கட்டியிருக்கிறது. எண்ணாக மாற்று என்று ஒரு சொல் சேர்த்தேன். வாஷர் பட்டியலை விட்டு இறங்கிப் போனது.

திங்கட்கிழமை முதலாளி பட்டியலோடு ரேக்குக்கே போய்ச் சாமான்களை எண்ணினார். திரும்பி வந்தார்.

"பேரிங், வாஷர் சரி. போல்ட் எங்கே?"

"போல்ட் ஃபைல் இன்னும் திறக்க வரல, சாஹேப்."

"அடுத்த திங்கள்?"

"அடுத்த திங்கள்."

அவ்வளவுதான். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. தீபாவளி போய்விட்டது; போல்ட்டை அவர் அடுத்த திங்கள், அடுத்த திங்கள் என்றே தள்ளிவைக்க, நான் திங்களுக்குத் திங்கள் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று போல்ட் ஃபைலோடு முட்டிக்கொண்டிருந்தபோது கோயமுத்தூர் அக்கா போன் பண்ணினார்.

"ஜாவா எந்த மட்டுல போகுதுங்க கண்ணு?"

"விட்டுட்டேன்க்கா" என்றேன். அடுத்த கல்யாணத்தில் பேச்சு வரும். வரட்டும். போல்ட் ஃபைல் இன்னும் திறக்கவில்லை.