பையைப் பார்த்துச் செத்த மந்திரி

சீனாவின் ஹெங்தியன் சினிமா ஊரில் துணை நடிகர் தாவ் குவாங்ஃபூ சாகாத அரச வம்சம் கிடையாது. அம்பு பட்டு, குதிரை மிதித்து, கொள்ளைநோய் கண்டு, பசியில் சுருண்டு, எல்லா விதத்திலும் செத்திருக்கிறார். மூச்சுவிட்டாலும் வயிறு அசையாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை துடிக்காது. கூட்டத்தில் நடிக்கிறவர்களிடம் ‘பிணம் தாவ்’ என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். இந்தப் பேரை வாங்கவா அன்ஹுயிலிருந்து ரயிலேறிப் போனே என்று அவர் மனைவி யின்ஹுவா கேட்காத புத்தாண்டு இல்லை.

இந்தத் தடவை மந்திரி வேஷம். பழங்காலப் பேரரசர் ஒருவரின் ஆட்சியைப் பற்றிய பிரம்மாண்டமான படம். தாவுக்கு முன்வரிசை, பட்டு அங்கி, தலையில் கறுப்புக் குல்லா. “முகம் தெரியும்டி கிழவி! தியேட்டர்ல இம்மாம் பெரிசா தெரியும்!” என்று போனில் குதித்தார்.

அதே நாளில்தான் யின்ஹுவாவுக்கு ஊர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன். கல்லை எடுப்பது பெரிய காரியமில்லை, மயக்க மருந்தை அவள் இதயம் தாங்குமா என்பதுதான் பயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு கேட்டால் வேஷம் கைநழுவிவிடும்.

“நீ வந்து கத்தியையா பிடிக்கப் போற? பையன் கூட இருக்கான். நீ போய் மந்திரியா நில்லு,” என்றாள் அவள். “ஒண்ணே ஒண்ணு கிழவா. அன்னிக்கு மட்டும் செத்துத் தொலைக்காதே.”

வீட்டில் ஒருத்தர் நோயில் கிடக்கும்போது பிணமாகப் படுத்தால் ஆகாது. ஹெங்தியனில் இதை நம்பாதவன் யார்? தாவ் சத்தியம் செய்து கொடுத்தார்.

மேக்கப் போட்ட பிறகுதான் சங்கதி தெரிந்தது. மன்னருக்கு மந்திரிகள் மேல் சந்தேகம் வந்துவிட்டதாம். காலையில் மண்டியிட்டு வாழ்த்துகிறவர்கள், மதியம் அதே முற்றத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்க வேண்டுமாம்.

“எல்லாருக்கும் சிவப்பு உறை உண்டு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க,” என்றான் ஆட்களைக் கூட்டிவரும் லூ. செத்து நடித்தவனுக்குத் தோஷம் கழியக் காசு வைத்துக் கொடுக்கிற உறை அது. “வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லேன்னா இப்பவே சொல்லுங்க. வேற ஆளைப் போட்டுக்கறேன். அப்புறம் என்னைச் சபிக்கக் கூடாது.”

தாவ் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கை தானாகக் குல்லாவைத் தொட்டுப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டார். பாழாய்ப்போன ஆசை!

மதியம் லூ எல்லோருடைய போனையும் ஒரு துணிப்பையில் வாங்கி, இடப்பக்கத் தூணுக்குப் பின்னால் வைத்தான். கேமரா வலப்பக்கம். தாவ் கேமராவைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு செத்தார். மன்னர் படியிறங்கத் தொடங்கினார்.

பைக்குள் ஒரு போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

நம்முடையதா? பையனா? எல்லாம் நல்லபடி முடிந்திருந்தால் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டானா? இப்படி விடாமல் அடிக்கிறானே, என்ன ஆச்சு?

“கட்! முன்வரிசையில ஒரு பிணம் மூச்சு வாங்குது!”

பக்கத்தில் கிடந்த ஹான் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். “அண்ணே, நீங்களா? உங்களுக்கே சாவு மறந்துபோச்சா?”

“அது யார் போனுடா அடிக்குது?”

“இன்சூரன்ஸ் விக்கிறவனா இருக்கும். பேசாம சாவுங்க.”

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை தாவ் தலையைத் தூண் பக்கம் திருப்பிப் படுத்தார். எத்தனையோ வருஷமாகக் கேட்டு வாங்கிய முன்வரிசை. அந்த நேரத்தில் அது அவருக்கு நினைவிலேயே இல்லை. அரைக்கண்ணால் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னரின் அங்கி அவர் விரல்மேல் உரசிக்கொண்டு போனது. மூச்சை விடவில்லை. பை அதிர்ந்தது, அதிர்ந்தது, பிறகு ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த பிறகுதான் அவருக்கு உயிரே போயிற்று.

காட்சி முடிந்ததும் பிணங்கள் எழுந்து வாய்விட்டுச் சிரித்தன. சாவை உதறுகிற வழக்கம் அது. தாவ் சிரிக்கவில்லை. லூ நீட்டிய உறையைப் பிடுங்கிக்கொண்டு தூணுக்கு ஓடினார். அவருடைய போன்தான். பையன்தான். திருப்பிக் கூப்பிடலாம் என்றால் விரலிலிருந்த செயற்கை ரத்தம் திரையில் வழுக்கியது. ஐயோ, ஐயோ என்று அங்கியில் துடைக்கும்போதே வீடியோ அழைப்பு வந்தது. அவசரமாக முகத்தைத் துடைத்துக் குல்லாவை நிமிர்த்தினார்.

திரையில் யின்ஹுவா. மூக்கில் குழாய், வெளுத்த உதடு, ஆனால் கண் திறந்திருந்தது.

“அம்மா கண்ணு முழிச்சதுலேர்ந்து உங்க குல்லாவைக் காட்டுன்னு ஒரே பிடிவாதம்ப்பா,” என்றான் பின்னாலிருந்து பையன். “எத்தனை வாட்டி அடிக்கிறது?”

தாவ் தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். யின்ஹுவா அவரை உற்றுப் பார்த்தாள்.

“மந்திரியாட்டம்தான் இருக்கே.”

“இருக்கேன்ல?”

“காதுல ரத்தம்.”

தாவ் தலையைக் குனிந்துகொண்டார்.

“சத்தியம் பண்ணினியே, பாவி. எழுந்ததும் சிரிச்சியா?”

“இல்லடி.”

“முதல்ல சிரி. உறையை அங்கேயே செலவு பண்ணு, வீட்டுக்குள்ள கொண்டு வராதே.”

அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

“முகமாவது நல்லாத் தெரியுமா படத்துல?”

“தெரியாது. போன் இருந்த பையைப் பாத்துக்கிட்டே செத்துட்டேன்.”

யின்ஹுவா திரைப்பக்கம் விரலை நீட்டினாள்.

“காதைத் துடை,” என்றாள்.