முழுசாக வந்த சட்டை

எட்டாம் வகுப்போடு நான் ஓடிவந்த பள்ளிக்கூடத்தை, போர் வந்ததும் ராணுவச் சலவைக்கூடம் ஆக்கிவிட்டார்கள். இப்போது தினமும் ஆறு மணிக்கே அங்கே ஆஜர் ஆகிறேன். வாத்தியாருக்குத்தான் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

என்னை அங்கே சேர்த்துவிட்டது சித்தி, அம்மாவின் தங்கை. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. போர்முனை ஆஸ்பத்திரிகளிலிருந்து லாரியில் வரும் சிப்பாய்களின் சட்டைகளைத் தடவிப் பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. வெட்டிய சட்டை இடப்பக்கம், முழுச் சட்டை வலப்பக்கம். அடிபட்டு உயிரோடு வருகிறவனின் சட்டையை நர்சுகள் அவசரத்தில் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். உயிர் போனவனுக்கு என்ன அவசரம்? பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். வெட்டியது தரை துடைக்கப் போகும். முழுசானது துவைத்து, கிழிசல் தைத்து, இன்னொருவன் உடம்புக்குப் போகும்.

சித்தி ஒவ்வொரு சட்டையிலும் மேலிருந்து இரண்டாவது பொத்தானைத் தொட்டுப் பார்ப்பாள். சித்தப்பா போர்முனைக்குக் கிளம்பிய அன்று அறுந்துபோன அந்தப் பொத்தானை அவள்தான் தைத்தாள். கைக்குத் தட்டுப்பட வேண்டுமென்று முடிச்சை வெளிப்பக்கமே போட்டிருந்தாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டு போனார். நான்கு மாதமாகக் கடிதம் இல்லை.

"இப்படித் தடவிட்டே இருந்தா எப்பம்மா முடியும்?" என்பார் எங்களுக்கு மேலதிகாரியான பெரியக்கா.

"முடியும்க்கா. இருட்டிடுமேன்னு எனக்கென்ன பயமா?" என்பாள் சித்தி.

முன்பெல்லாம் அவள் முக்காலியை ஒரு முழம் நகர்த்தி வைத்துவிட்டு மூச்சடக்கி நிற்பேன். "கழுதை, ஒளியறதுன்னா முதல்ல குளிச்சிட்டு வந்து ஒளி" என்று சிரிப்பாள். இப்போது முக்காலியை அவளே தேடி எடுத்துக்கொள்கிறாள். திட்டுவதுகூட இல்லை. சாப்பாடு பாதி அப்படியே திரும்புகிறது.

செவ்வாய்க்கிழமை வந்த மூட்டையை நான் அவிழ்த்தேன். அதில் ஒரு முழுச் சட்டை. நெஞ்சில் ரத்தம் அட்டைபோலக் காய்ந்திருந்தது. இரண்டாவது பொத்தானில், வெளிப்பக்கம், முடிச்சு.

ஒளித்துவைக்க வழியில்லை. மூட்டைக்கு நாற்பது, சித்தி எண்ணுவாள். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். கத்தரிக்கோலை எடுத்து முன்பக்கத்தைக் கீழிருந்து கழுத்துவரை வெட்டினேன். வெட்டிய சட்டை என்றால் ஆள் உயிரோடு வந்தார் என்றுதானே அர்த்தம். அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை.

பதினான்காவதாக அது அவள் கைக்குப் போயிற்று. பொத்தானில் விரல் நின்றது. அப்புறம் வெட்டின் வழியே கீழே இறங்கியது.

"டேய், வெட்டியிருக்குடா" என்றாள். "உயிரோடதான் கொண்டுவந்திருக்காங்க."

விரல் மறுபடி மேலேறி, ரத்தம் இருந்த இடத்தில் நின்றது. ஈரத்தில் வெட்டினால் ஓரமும் ரத்தத்தில் ஊறி மொத்தையாகக் காயும். இது அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது.

"இது காஞ்சப்புறம் வெட்டினது" என்றாள். "நீயா?"

"ஆமா சித்தி."

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை.

"பொத்தான் எல்லாம் கழட்டியிருந்துச்சா?"

"எல்லாம்."

"ஒண்ணுகூட அறுபடலை" என்று தடவிப் பார்த்தாள். "மெதுவாத்தான் கழட்டியிருக்காங்க."

பெரியக்கா வந்து பார்த்தார். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வெட்டின துணிதானே. நீயே எடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா."

சித்தி போகவில்லை. சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"துவைச்சுத் தரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்." மூட்டைப் பக்கம் கையை நீட்டினாள். "இன்னும் எத்தனை இருக்கு?"

"இருபத்தாறு."

"குடு."

அடுத்ததைக் கொடுத்தேன். அதுவும் முழுச் சட்டை. அதை வெகுநேரம் கீழே வைக்காமல் பிடித்திருந்தாள்.