அத்தானோடு ஆழத்துக்குப் போக ஒரு மெஷின்

அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் ஐம்பது மீற்றருக்குக் கீழே இறங்கப் பழகியவர்கள் என்று மன்னாரில் எனக்குத் தெரிந்து நாங்கள் இருவர்தான். அதனால் பிடிக்காத ஆளோடுதான் கடலுக்குள் போய்வந்தேன்.

அவர் விடத்தல்தீவுக்காரர். சங்கு குளித்து, கடலட்டை பிடித்து, பிறகு வெளிநாட்டுக்காரருக்கு மூழ்கிய கப்பல்களைக் காட்டும் தொழிலுக்கு வந்தவர். நான் கடல் ஆய்வுக்காகக் கடலடிக்குச் சுழியோடப் போய் அதே தொழிலில் வந்து விழுந்தவள். எங்களைக் கூட்டுச் சேர்த்தது அக்காதான். ஊர் பேர் தெரியாதவனோடு நான் போவதை விட அத்தானோடு போவது அவளுக்கு நிம்மதியாம்.

அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தது என் இடது கால். சில வருடங்களுக்கு முன் திருகோணமலைப் பக்கம் ஒரு கப்பலைப் பார்க்க இறங்கினோம். அவ்வளவு ஆழம் போனால் நேரே மேலே வரமுடியாது. இடையிடையே நின்று, உடம்பில் கரைந்த வாயு வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கென்று இருவருக்கும் பொதுவாக ஒரு சிலிண்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். நான் அதைப் பிடித்தபோது அது காலி. அத்தான் படகில் ஏறியிருந்தார். காத்திருக்க எனக்குக் காற்றில்லை, மேலே வந்தேன். பொழுதுபடுமுன் கால் மரத்துப்போனது. ஆஸ்பத்திரியில் அந்த வாயுவை வெளியேற்றும் அழுத்த அறைக்குள் கிடந்துதான் திரும்ப நடக்கத் தொடங்கினேன். பார்க்க வந்த அத்தான், "எனக்கும் காத்து முடிஞ்சுபோச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போன வருடம் மாலைதீவில் இருந்து ஒரு வேலை வந்தது. ஆழத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போக இரண்டு வழிகாட்டிகள் வேண்டும், இருவரிடமும் ரீபிரீதர் இருக்க வேண்டும் என்றார்கள். நாம் விடும் மூச்சையே சுண்ணாம்புக்குள்ளால் ஓடவிட்டு, கரியமிலவாயுவை எடுத்துவிட்டு, குறைந்த ஒட்சிசனைச் சேர்த்துத் திருப்பித் தரும் மெஷின் அது. சிறிய சிலிண்டர்களோடு நெடுநேரம் கீழே நிற்கலாம். எதை வாங்குவது என்று பேச உப்புக்குளத்தில் அக்கா வீட்டு மேசையில் கூடினோம்.

அத்தான் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "நெஞ்சில கட்டுற சாமான். கைப்பொதிக்குள்ளயே போகும். பிளேனுக்கும் சுகம், பஸ்ஸுக்கும் சுகம்."

"கீழ வைச்சு அது பழுதாப்போனா?"

"ஆளுக்கொரு சிலிண்டர் தனியக் கொண்டுபோறது. காத்துக் காணாட்டி மற்ற ஆளின்ரையை எடுக்கிறது. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

"எல்லாரும் செய்யட்டும். உங்களோட நான் செய்யமாட்டன், அத்தான்."

நான் பார்த்து வைத்திருந்தது முதுகில் போடும் பெரியது. பாரம். ஆனால் சுண்ணாம்பு கூடப் பிடிக்கும். இரண்டு பக்கமும் பெரிய சிலிண்டர் கொழுவினால், மெஷின் நின்றாலும் யாரிடமும் கையேந்தாமல் மேலே வரலாம். மற்றவர்கள் எடையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். நான் அத்தானைப் பார்த்துத் தெரிவு செய்தேன்.

"நீர் இன்னும் அதைத்தான் பிடிச்சுக்கொண்டிருக்கிறீர்" என்றார்.

"கால் இன்னும் விறைக்குது. அது விட்டாப் பிறகு நானும் விடுறன்."

அக்கா இரண்டு தேத்தண்ணியையும் எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

கொழும்பில் விற்பவர் ஒருவர் இரண்டையும் பரீட்சித்துப் பார்க்கத் தந்தார். மன்னாரில் இருந்து திருகோணமலைக்குப் பஸ்ஸில் புறப்பட்டோம். என் பெட்டி நடைவழியை அடைத்தது. முருங்கனில் ஏறிய சனம் எல்லாம் அதில் இடறிவிட்டு என்னை முறைத்தது. மடியில் சின்னப் பையோடு அத்தான் யன்னலோரம் இருந்து சிரித்தார். வழியில் ஆமிக்காரர் ஒருவர் என் பெட்டியைத் திறந்து, வெள்ளைக் குருணலைக் கண்டு, "மே மொனவத?", இது என்ன என்றார். எனக்குச் சிங்களம் மட்டுமட்டு. அத்தானுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் வாய் திறக்கவில்லை. சுண்ணாம்பு என்று கையாலும் காலாலும் விளக்கி முடிக்கும்வரை பஸ் முழுவதும் காத்திருந்தது.

அடுத்த நாள் அங்கே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலுக்கு இறங்கினோம். கப்பலின் மேல்தளத்தை நெருங்கும்போது என் கைத்திரையில் ஒட்சிசன் அளவுகள் ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கின. மூன்று உணரிகள், மூன்று கதை. எதை நம்புவது என்று அங்கே நின்று யோசிக்கக்கூடாது. மெஷினை மூடிவிட்டு, பக்கத்தில் கொழுவியிருந்த சிலிண்டருக்கு மாறினேன். அத்தானுக்கு விளக்கைக் காட்டி, மேலே என்று விரலை உயர்த்தினேன்.

அவர் தன் சிலிண்டரைக் கழற்றி நீட்டினார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். திரும்ப நீட்டினார். அவர் கையைத் தள்ளிவிட்டேன்.

மேலே வரும் வழியில் ஒவ்வொரு தரிப்பிலும் அவர் எனக்கு எதிரே நின்றார். அவருடைய மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு குமிழி இல்லை, ஒரு சத்தம் இல்லை. என்னிலிருந்து மட்டும் குமிழிகள் கொட்டிக்கொண்டு போயின. கடைசித் தரிப்புத்தான் நீண்டது. குளிரில் எனக்குத் தாடை அடித்தது. அவர் போகவில்லை. எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அன்றைக்கு நின்றிருக்க வேண்டிய மனிதர் தேவையில்லாத நாளில் வந்து நிற்கிறார்.

படகில் ஏறியதும், "உம்மட பெட்டி பழுது" என்றார்.

"உணரியில ஈரம் பிடிச்சிருக்கு. என்ர சிலிண்டரிலதான் வந்தனான், அத்தான். உங்கட சிலிண்டரில இல்லை."

காலுறையைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நான் விட்டிட்டுப் போயிடுவன் எண்டு நினைச்சனீரோ?"

"ஓம்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

நான் என் சிலிண்டர்களைக் கழற்றிப் படகின் அடியில் அடுக்கினேன். படகுக்காரர் இயந்திரத்தை முடுக்கினார்.

அவர் சிறியதையே வாங்கினார், நான் பெரியதை. இரண்டும் வேறுவேறு வகையானாலும், ஒருவர் மெஷினை மற்றவர் இயக்கத் தெரிந்திருந்தால் போதும் என்று மாலைதீவில் ஒத்துக்கொண்டார்கள். ஆகவே இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பழகுகிறோம். அவர் என் வால்வுகளைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறார். நான் அவருடையதைத் திறக்கிறேன். பிழை விட்டால் இருவருமே ஏசுகிறோம். போன கிழமை அக்கா அத்தானோடு இருந்து சாப்பிடச்சொல்லி மறித்தாள். ஈர உடுப்பைச் சாட்டி நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.