ரெண்டு ரமேஷ்ல ஒருத்தன்

நான் நல்லாத்தான் இருக்கேன். தவறினது முசரவாக்கம் ரமேஷ்.

காலையில பழைய ஆபீஸ் குரூப்ல யாரோ "நம்ம கே. ரமேஷ் தவறிட்டாரு"ன்னு ஒரு வரி போட்டுட்டாங்க. ஊர் பேர் போடலை. அதுலேருந்து என் வீட்டுக்கு போன் மேல போன்.

என் மனைவிதான் எடுத்து, "இல்லீங்க, இதோ எதிர்லதான் உக்காந்துக்கினு இருக்காரு"ன்னு சொல்லிட்டிருந்தா. என் பேஜ்ல ரெண்டு பேர் மாலை படம் வேற போட்டுட்டாங்க. அவன் பார்த்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்...

ஹார்ட் அட்டாக். நேத்து சாயங்காலம் வண்டியை ஸ்டாண்ட் போட்டவன் அப்படியே சாஞ்சுட்டான். என் பேர்லயே பாதி போன மாதிரி இருக்கு.

தெரியாதவங்களுக்கு... காந்தி ரோட்டுல ஒரு ஜவுளிக்கடை மாடியில எங்க ஆபீஸ். பட்டுக்கடைகளுக்கு ஸ்டாக், பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுப்போம், எல்லாம் ஆக்ஸஸ்னு ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல. ஆளே நாலு பேர். அதுல ரெண்டு பேர் ரமேஷ். இனிஷியலும் ஒண்ணு.

முதலாளி "ரமேஷ்"னு குரல் கொடுத்தா கதவுகிட்ட இருக்கற அவன்தான் எழுந்து போவான். எனக்கு விழ வேண்டிய திட்டையும் வாங்கிட்டு வந்து, "இது உன்னுதுபா, வச்சுக்கோ"ம்பான்.

அப்புறம்தான் ஊரைச் சேர்த்தாங்க. அவன் முசரவாக்கம். நான் பிள்ளையார்பாளையம்... சுருக்கமா பாளையம்.

ஒரு முகூர்த்த சீசன். ஆக்ஸஸ் புது வெர்ஷன் வந்த புதுசு. அதுல புது ஃபைல் திறந்து, பழைய புரோகிராமைக் கொண்டுவந்து ஒரு கடையில போட்டோம். கடை நிறைய கல்யாண வீட்டுக்காரங்க. பில் பட்டனை அழுத்தினா பில் வரலை, "டைப் மிஸ்மேட்ச்"னு எர்ரர்தான் வருது.

கோடுல ஒரு எழுத்தைக்கூட மாத்தலை. எனக்கு மண்டை காய்ஞ்சுபோச்சு. கடைக்காரர் எங்களை முறைச்சுக்கிட்டே பில்லைக் கையால எழுத ஆரம்பிச்சிட்டார்.

ரெஃபரன்ஸ் லிஸ்டைத் திறந்தோம். புரோகிராம் எந்தெந்த லைப்ரரியைப் பார்க்கணும்னு டிக் பண்ற இடம். நாங்க பழகினது DAO-ங்கற லைப்ரரி. புது வெர்ஷன் கேக்காமலே ADO-ன்னு வேற ஒண்ணை டிக் பண்ணி வச்சிருந்தது. DAO-வை நாங்க சேர்த்தோம்தான்... ஆனா அது ADO-வுக்குக் கீழ போய் உக்காந்துக்கிச்சு.

வம்பு என்னன்னா, டேபிள்லேருந்து டேட்டா எடுத்துக் கொடுக்கற Recordset, அதே பேர்ல ரெண்டுலயும் இருக்கு. வெறுமனே Recordset-னு கேட்டா, லிஸ்ட்ல மேல இருக்கற ADO-வோடதுதான் வந்து நிக்கும்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"பாளையம், இது நம்ம கதைபா. வெறும் ரமேஷ்னு கூப்டா கதவாண்ட இருக்கறவன்தான வருவான்? ஊர் பேரைச் சேத்துக் கூப்டு."

DAO.Recordset-னு மாத்தினோம். அவ்ளோதான், பில் வந்துடுச்சு. அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல யாராவது வெறும் Recordset எழுதினா, "ஊர் பேர் போடலைபா"ன்னுதான் சொல்லுவோம்.

இன்னொண்ணு. அவனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆன சமயம். ஆபீஸ் போன்ல ஒரு பொண்ணு, ரமேஷான்னு கேட்டுது. ஆமான்னேன். பொய் இல்லையே.

புடவை மாம்பழக் கலரா, அரக்கான்னு கேட்டுது. ஏதோ கடையிலேருந்துன்னு நெனச்சு, மாம்பழக் கலர்தாங்க இப்ப நல்லா போவுதுன்னு சொல்லி வச்சுட்டேன்.

பேசினது கல்யாணப் பொண்ணு தேவி. முகூர்த்தத்துல மாம்பழக் கலர்ல வந்து உக்காந்துது. அவனுக்குப் பிடிச்சது அரக்கு. கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினான், படுபாவி.

மதியம் முசரவாக்கம் போயிட்டு வந்தேன். தேவி என்னைப் பார்த்து, "பாளையம் அண்ணா..."ன்னுது.

தூக்கற நேரத்துல அவன் அம்மா "ரமேஷு"ன்னு கத்தினாங்க.

பழக்கதோஷம்... நான் திரும்பிட்டேன்.

அந்தப் பேருக்குத் திரும்ப அங்க நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

போயிட்டு வாடா, முசரவாக்கம்.