கந்தராஜ் எலுமிச்சை சாதம்

எனக்கு விளையாட்டுல தோக்கவே பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் நியூ டவுன்ல என் சினேகிதன் வீட்டுலதான் கூடுவோம். அவன், அவனோட பெங்காலி மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி இருக்கற மாடி வீட்டு தாதா, நான். நடுவுல கதை சொல்லற போர்டு. மூணு படச் சீட்டு எடுக்கணும். மணல் கடிகாரம் ஓடி முடியறதுக்குள்ள மூணையும் கோத்து ஒரு கதை சொல்லணும். நடுவுல யாராவது 'ஏன்?' சீட்டை வெச்சா, அதுக்குக் கதையிலயே பதில் சொல்லியாகணும். கதை பிடிச்சவங்க கையில இருக்கற பாசிமணியைக் கொடுப்பாங்க; ஒரு மணிக்கு ஒரு கட்டம் காயை நகர்த்தலாம். தாதா எந்தக் கதையை ஆரம்பிச்சாலும் பேய்லதான் கொண்டுபோய் முடிப்பார். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். கதை எல்லாம் பெங்காலியில. எனக்கும் அவனுக்கும் தமிழ், சமையல்கட்டுல டீ போடும்போது மட்டும்தான்.

அப்படி டீ போடும்போதுதான் சொன்னான். வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சாம். மனைவிக்குத் தெரியாது. தினமும் டிபன் டப்பாவோட கிளம்பி, சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல போய் உக்காந்துடறானாம். அவன் அப்பா ரயில்வேல இருந்தப்போ அவன் வளர்ந்த இடம் அது.

"அவ பரிதாபமா பார்த்தா என்னால தாங்க முடியாதுடீ. அடுத்த வேலை கிடைச்சதும் நானே சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே."

"சத்தியமா சொல்ல மாட்டேன்டா"ன்னேன்.

அடுத்த ஞாயிறு என் காய்தான் எல்லாருக்கும் பின்னால கிடந்துச்சு. எனக்கு வந்த சீட்டு: ரயில், குடை, டிபன் டப்பா. பாழாப்போன டப்பா! மணல் ஓடிட்டே இருக்கு. தமிழ்ல கேட்ட ரகசியத்தைப் பெங்காலியில சொன்னா, அது வேற எவனோ ஒருத்தன் கதைதானே? அந்த நேரத்துல எனக்கு அப்படித்தான் தோணிச்சு.

ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டு ஸ்டேஷன்ல உக்காந்திருக்கற ஒரு ஆளு. தெரிஞ்சவங்க வந்தா குடையை விரிச்சு முகத்தை மறைச்சுக்கறான். தாதா விழுந்து விழுந்து சிரிச்சார். யாராவது சிரிச்சுட்டா எனக்குக் கால் தரையில நிக்காது. டப்பாவைத் திறந்தேன். உள்ள எலுமிச்சை சாதம், மனைவி கந்தராஜ் எலுமிச்சை பிழிஞ்சு கலந்தது. அந்த வாசனைக்குப் பிளாட்பாரத்து நாயெல்லாம் அவன் பின்னாடியே வருது.

தோலைக் கிள்ளினாலே வீடு மணக்கற அந்தப் பெங்காலி எலுமிச்சையை நம்ம ஊர் சாதத்துல பிழியறவ, எனக்குத் தெரிஞ்சு என் சினேகிதன் மனைவி ஒருத்திதான். தெரிஞ்சேதான் போட்டேன். கதை ருசிக்கணுமே!

அவ சிரிப்பு நின்னுபோச்சு. 'ஏன்?' சீட்டை மெதுவா என் முன்னாடி வெச்சா. "அவன் ஏன் மனைவிகிட்ட சொல்லலை?"

அப்பவாவது நிறுத்தினேனா? "அவ பரிதாபமா பார்த்தா அவனால தாங்க முடியாது"ன்னேன். அவன் என்னை நம்பிச் சொன்ன அதே வார்த்தை.

அவன் குனிஞ்சு போர்டையே பார்த்துட்டு இருந்தான். அவ அவனைப் பார்த்தா. பரிதாபமாத்தான் பார்த்தா. அப்புறம் தன்கிட்ட இருந்த மணி அத்தனையையும் என் பக்கம் தள்ளிட்டு எழுந்து உள்ளே போயிட்டா. அன்னிக்கு நான்தான் ஜெயிச்சேன்.

நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா? மன்னிப்பு கேட்டேன். "விடு, என்னிக்காவது தெரிஞ்சிருக்கும்"னான். அவனுக்கு வேற வேலையும் கிடைச்சாச்சு, போர்டையும் மறுபடி விரிச்சாச்சு. எனக்குத்தான் இன்னும் நெஞ்சு உறுத்துது. இப்பவும் டீ போட ரெண்டு பேரும் சேர்ந்துதான் சமையல்கட்டுக்குப் போறோம். எனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னு கேக்கறான். பெங்காலியில கேக்கறான்.