ஒரு நாள் தள்ளி

நாளிதழ் அலுவலகத்தில் அவளுக்குத் தேதியக்கா என்று பெயர். ஆறாம் பக்கத்தின் மூலையில் வரும் ‘இதே நாளில்’ கட்டம் அவளுடையது. அதே தேதியில் முன்பொரு வருடம் இடிந்த பாலம், எரிந்த மில், கவிழ்ந்த ரயில் எல்லாம் அவள் கைபட்டுத்தான் மறுநாள் காலை ஊருக்கு மறுபடி நடக்கும்.

தட்டச்சு செய்ய வந்தவளைக் கட்டத்துக்கு மாற்றியவர் பழைய ஆசிரியர். உள்ளூர்ச் சம்பவங்களுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். சம்பவம் என்றைக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கட்டும், நம் பேப்பரில் வந்த நாள்தான் அதன் நாள். நாம் அச்சடிக்காதவரை எதுவும் நடக்கவில்லை என்பார். பழைய தாள்களில் ‘நேற்று’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைத் தேதியக்கா பார்க்காமல் இல்லை. சட்டம் பிடித்திருந்தது, விட்டுவிட்டாள். வாசகர்களும் தங்களுக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள்.

தம்பி வீட்டில் அவளுக்கு ஓர் அறை. தம்பி மனைவிக்கும் அவளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை, குத்திக் காட்டத்தான் பேச்சு. “நான் இந்த வீட்டுக்கு வந்த நாளையும் போடுங்க அண்ணி. பாலம் இடிஞ்சதுக்குப் பக்கத்துல” என்பாள் அவள். கட்டம் போனால் பகலெல்லாம் அந்த முகத்தோடு உட்கார வேண்டும். அந்தப் பயத்தில்தான் காய்ச்சலில்கூட விடுப்பு எடுக்காமல் வந்துகொண்டிருந்தாள்.

அன்று மதியம் மில் தீயில் செத்த ஃபிட்டரின் மனைவி வந்தாள். வந்ததும் ஆசிரியரின் கண்ணாடி அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆசிரியர் புதியவர், வயதில் சின்னவர். தேதியக்காவையும் பிழை திருத்துகிறவனையும் கூப்பிட்டனுப்பினார்.

“மில் வாசல்ல கல்லு நட்டிருக்காங்க. செத்தவங்க பேரு, தேதி, எல்லாம் வெட்டியாச்சு” என்றாள் அவள். “தேதி தப்பு. கேட்டா, பேப்பர்லயே இதான் வந்திருக்குங்கறாங்க. ஒவ்வொரு வருஷமும் வந்திருக்காம்.”

தேதியக்கா வாயைத் திறக்குமுன் பிழை திருத்துகிறவன் முந்திக்கொண்டான். அவனுக்கும் அவளுக்கும் பல வருடப் பகை.

“நான் ஆரம்பத்துலயே கவனிச்சேன் சார். எல்லாமே ஒரு நாள் தள்ளித்தான் வரும். அக்காகிட்ட யாரு சொல்றது? கடிச்சுக் குதறிடுவாங்க.”

“கவனிச்சியா?” தேதியக்கா மெதுவாகத் திரும்பினாள். “அப்ப ஏன்டா ஒரு தடவைகூட சுழிக்கல? அத்தனை ப்ரூஃப்லயும் உன் கையெழுத்து இருக்கே.”

“நான் பாக்கறது எழுத்துப் பிழை.”

“என்னைக்காவது நான் மாட்டுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்க.”

“ரெண்டு பேரும் சேந்து எங்க வீட்டுக்காரரை ஒரு நாள் கூடுதலா உயிரோட வச்சிருந்திருக்கீங்க” என்றாள் ஃபிட்டர் மனைவி. “அந்த ஒரு நாள் அவரு எங்க இருந்தாரு? அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பை வச்சு அடையாளம் பாத்துக்கிட்டு நின்னேன்.”

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளையோடு கட்டம் நிறுத்தம் என்றார் ஆசிரியர். கடைசிக் கட்டத்தில் வருத்தம் தெரிவித்து எழுத வேண்டும், அதைக் காட்டி அவரே மில்காரர்களிடம் கல்லை மாற்றச் சொல்வார். தேதியக்காவுக்குத் தம்பி மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. கெஞ்சினால் பிழை திருத்துகிறவன் பார்ப்பான். நேரே போய்த் தட்டச்சு செய்தாள்.

ப்ரூஃப் வந்தது. அதில் இரண்டு வரி. உள்ளூர்ச் சம்பவங்களின் தேதிகள் தவறுதலாக ஒரு நாள் தள்ளி வெளிவந்தன. பிழை திருத்துபவர் இதை அறிந்தும் சொல்லவில்லை.

அவன் இரண்டாம் வரியைச் சிவப்பு மையால் அடித்தான்.

“அடிக்காதீங்க” என்றாள் ஃபிட்டர் மனைவி. அவள் எழுந்து வந்து மேசையருகே நின்றிருந்தாள். “இப்பத்தானே உங்க வாயால சொன்னீங்க.”

அவன் ஆசிரியரைப் பார்த்தான். “இருக்கட்டும்” என்றார் அவர்.

தேதியக்காவுக்கு உள்ளே குளிர்ந்தது. அதை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. ஃபிட்டர் மனைவி அவள் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு மட்டும் தெரியும்னு போட்டுட்டு, உங்களுக்குத் தவறுதலாவா? பழைய பேப்பர்ல நேத்துன்னு எழுதியிருந்ததை நீங்க படிக்கவே இல்லையாம்மா?”

பழைய ஆசிரியரின் சட்டத்தை இவளிடம் சொல்லலாம். செருப்பைப் பார்த்து நின்றவளிடம், நாங்கள் அச்சடிக்காதவரை உன் புருஷன் சாகவில்லை என்று சொல்லலாம்.

“படிச்சேன்” என்றாள் தேதியக்கா.

“அப்ப அதை எழுதுங்க.”

தேதியக்கா ப்ரூஃபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவுக்காகக் கையை நீட்டினாள். பிழை திருத்துகிறவன் அதை அவள் கையில் கொடுக்கவில்லை. மேசையின் அந்தக் கோடியில் வைத்தான். அவள் எட்டி எடுத்து, ‘தவறுதலாக’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘தெரிந்தே’ என்று எழுதினாள்.