சாவியை உருவியும் நிற்காத வண்டி

சாவி செந்தில் கையில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருந்தது என்பதுகூடச் சரியில்லை. அலறிக்கொண்டிருந்தது. சாவியை உருவி எடுத்தாயிற்று, ஆக்சிலரேட்டரில் யார் காலும் இல்லை, ஆனாலும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. எத்தனையோ வருடமாக வண்டி ஓட்டுகிறேன். சாவியைத் திருப்பினால் எஞ்சின் அடங்கும் — இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உங்களுக்கு வந்திருக்கிறதா?

செந்தில் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் சமையல் கான்ட்ராக்ட். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் அண்டா, அடுப்போடு போய் இறங்கிவிடுவான். கூடவே அவன் மனைவி கலா. சாம்பாரும் வத்தக்குழம்பும் அவள் பொறுப்பு. சாமான் ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் செந்தில் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

அந்த வண்டிக்குத்தான் டர்போ போய்விட்டது.

டர்போ என்றால்... எனக்கும் அப்போதுதான் தெரியும். நத்தைக் கூடு மாதிரி ஒரு இரும்பு. உள்ளே இரண்டு குட்டிக் காற்றாடிகள். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒன்று சுற்ற, கூடச் சுற்றும் இன்னொன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் இழுவை கூடும். அவ்வளவுதான் சங்கதி.

கம்பெனி டர்போ வர நாளாகும் என்றார்கள். வெளி மார்க்கெட்டில் வாங்கக் கடலூர் போனோம். கடைக்காரர் மேஜையில் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது உங்க பழசுக்கு நேர் ஜோடி. அது ஒரு சைஸ் ஜாஸ்தி. மாட்டிட்டீங்கன்னா லோடோட பாலம் ஏறறதே தெரியாது."

செந்திலின் கை பெரியதன் பக்கம் போனது.

"ஏங்க, இருந்தது எதுவோ அதயே போடுங்களேன்" என்றாள் கலா.

"உனக்கு இன்னா தெரியும்? இதப் பத்தி எத்தினி வீடியோ பாத்திருக்கேன் தெரியுமா? நீங்க சொல்லுங்க மாமா."

எனக்கு டர்போவும் ஒன்றுதான், தேங்காய் மூடியும் ஒன்றுதான். சிரித்து வைத்தேன். பெரியது பில் ஆனது.

சிதம்பரத்தில் அவனுடைய வழக்கமான மெக்கானிக் அதை மாட்டிக் கொடுத்தார். மறுநாளே கடலூரில் ஒரு நிச்சயதார்த்தச் சமையல். எனக்கும் கடலூரில் வேலை இருந்ததால் தொற்றிக்கொண்டேன். முன்னால் நாங்கள் மூன்று பேர். பின்னால் அண்டா, குண்டான், அடுப்பு... இரண்டு கேஸ் சிலிண்டர். நிரம்பிய சிலிண்டர்.

உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டி பறந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மெல்லிய விசில் சத்தம். செந்தில் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா மாமா, எப்பிடித் தூக்குது?"

புதுச்சத்திரம் தாண்டி, முன்னால் போன பஸ்ஸுக்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். எஞ்சின் சத்தம் இறங்கவில்லை. ஏறியது. கிளட்ச்சை மிதித்தான். இன்னும் ஏறியது. எப்படியோ பிரேக் போட்டு ஓரங்கட்டி, நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சாவியைத் திருப்பினான். திரும்பத் திரும்பத் திருப்பினான். பிறகு உருவி எடுத்து என்னிடம் காட்டினான்.

"சாவிய எடுத்துட்டேன் மாமா."

குரல் அவனுடையதாகவே இல்லை.

கதவைத் திறந்து குதித்தோம். பின்னால் ரோடு தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகப் புகை. அதற்குள்ளிருந்து ஹாரன் சத்தங்கள் மட்டும் வந்தன. பானெட் அதிர்ந்துகொண்டிருந்தது. ஓடு, ஓடு என்று என் கால்கள் சொல்லின. வயல் வரப்பு வரைக்கும் ஓடிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் கலாவைக் காணோம்.

வண்டியின் பின்பக்கம் ஏறி நின்றிருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டாவைக் காலால் தள்ளிவிட்டு, சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, புடிங்க."

கத்தவில்லை. பந்தியில் "ரசம் எடுத்துட்டு வாங்க" என்று சொல்கிற அதே குரல். ஓடினேன். நானும் செந்திலும் முதல் சிலிண்டரைத் தாங்கி இறக்கினோம். எதிரே டிராக்டரில் வந்த ஒருவர் இறங்கி வந்து இரண்டாவதற்குத் தோள் கொடுத்தார். தூரத்தில் நின்ற மற்றவர்கள்? போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

சிலிண்டர்கள் வயலுக்குள் போன பிறகு செந்தில் மெக்கானிக்கைப் போனில் பிடித்தான். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"உள்ள ஏறி டாப் கியர் போடு. பிரேக்க அமுக்கிப் புடிச்சிக்கினு கிளட்ச்ச பட்டுனு விடு. அப்பதான் எஞ்சின் நிக்கும். சீக்கிரம்."

செந்தில் வண்டியைப் பார்த்து நடந்தான். கலா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏறாத."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்று தவிர வேறு விதமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"விடு கலா. எஞ்சின் போயிடும்."

"போவட்டும். நீ ஏறாத."

அவன் அவளைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். எந்த வண்டியில் கீறல் விழுந்தால் சாப்பிட மாட்டானோ, அந்த வண்டி அவன் கண்ணெதிரே தன்னைத்தானே உடைத்துக்கொண்டிருந்தது. சட்டையை விடுவித்துக்கொள்ள அவனுக்கு ஒரு உதறல் போதும். உதறவில்லை. அப்படியே நின்றான்.

படார் என்று ஒரு சத்தம். வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு எதுவும் இல்லை. அடியில் கறுப்பாக ஆயில் பரவியது. புகை மெல்ல விலக, வரிசையாக நின்ற பஸ்ஸும் லாரியும் தெரிந்தன.

முதலில் பேசியது கலாதான்.

"ஏங்க, மணி ஆவுது. அங்க உலை வைக்கணும்."

'ஏங்க' திரும்பி வந்துவிட்டது.

ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்துச் சாமானை மாற்றினோம். கடலூரில் பந்தி கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்தது. அன்றைக்குக் கலாவின் சாம்பாரில் உப்பே இல்லை. பெண் வீட்டார் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். காற்றாடி தேயாமல் சுற்ற டர்போவுக்குள் எஞ்சின் ஆயில் ஓடும். பெரிய டர்போவில் அந்த ஆயில் திரும்பி இறங்கும் வாய், பழைய பைப்புக்குச் சரியாகப் பொருந்தவில்லை. மாட்டும்போது அவர்தான் பசையை அப்பி உட்கார வைத்திருந்தார். அந்தப் பசை உள்ளே பிதுங்கி வழியை அடைத்துவிட்டது. இறங்க வழியில்லாத ஆயில், காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய்விட்டது.

"சாவி டீசலத்தான் நிறுத்தும்ணே" என்றார் என்னிடம், தலையைத் தூக்காமல். "இது தன் ஆயிலத் தானே குடிச்சிட்டு ஓடியிருக்கு." பிறகு செந்திலிடம், "அப்ப நீ ஏறியிருந்தா எஞ்சின் பொழச்சிருக்கும்" என்றார்.

கலா தரையைப் பார்த்தாள்.

"எஞ்சின்தான போச்சு" என்றான் செந்தில். "வேற பாரு."

செகண்ட் ஹேண்டில் ஒரு எஞ்சின் கிடைத்தது. மறுபடி டர்போ வாங்க அதே கடலூர், அதே கடை. இந்த முறை செந்தில் வாசலிலேயே நின்றுகொண்டான். கலாதான் மேஜை வரைக்கும் போனாள்.

"நேர் ஜோடி குடுங்க" என்றாள். "அதுக்குப் பொருந்தற பைப்பும் குடுங்க."

கடைக்காரர் விடவில்லை. "சைஸ் ஜாஸ்தி வந்திருக்கும்மா. இழுவை பிரமாதமா இருக்கும்."

"இழுவை இருக்கட்டும். நிக்குமா?"

அவருக்குப் புரியவில்லை. அவர் கடையில் யாரும் கேட்டிராத கேள்வி போலிருக்கிறது. சிறியதை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்க ஊரே இருக்கிறது. நிற்குமா என்று கேட்க வீட்டில் ஒரு ஆளாவது வேண்டும்.